மார்கழியில் அக்கா வீடு

போச்சம்பள்ளிப் பக்கம் வேலையாக அடிக்கடி போவேன். ஆனால் அம்மா போனபின் அக்கா வீட்டில் தங்கியதே இல்லை. இந்த மார்கழியில்தான் ஓர் இரவு தங்கினேன்.

விடியற்காலைப் பனியில் மாந்தோப்பில் முதல் பூங்கொத்துகள் தெரிந்தன. சாம்பல் நோயின் வெள்ளைப்பூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். தென்பட்டால் லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம். பூ விரிந்தபின் பூச்சிமருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் மடியும் என்று மாமாவிடம் சொன்னேன்.

"ஆபீசரா வந்தியா, தம்பியா வந்தியா?" என்றாள் அக்கா.

திண்ணையில் அம்மாவின் பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கண் அவளுக்குத் தெரியவில்லை. நூல் கோத்துக் கொடுத்தேன். பாதி தைத்த அதையே இரவு போர்த்திக்கொண்டேன்.

உங்கள் தோப்பிலும் பூ வந்திருக்கும். பார்த்துவிட்டு, உடன்பிறந்தவர் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.