மச்சான் பிடிக்கும் கயிறு

முத்துக் குளிக்கிறவர் கடலுக்குள் இறங்கினால், தோணியில் ஒருத்தர் கயிறு பிடிச்சிருப்பார். அது மச்சானாத்தான் இருக்கணும் என்பது எங்க தூத்துக்குடிப் பக்கம் வழிவழியா சொல்ற கதை. ஏன்னா, தங்கச்சி தாலி அவர் கையில்! கயிறு அசைஞ்சதும் இழுத்துடணும்.

முத்துக்குளிப்பு இங்கே 1961-ஓட நின்னுபோச்சு. நெட்வொர்க்கிங் படிச்சப்போ அந்த மச்சானை மறுபடி பார்த்தேன். டேட்டாவுக்கு வழி காட்டுறது ரூட்டர். 'ஓஎஸ்பிஎஃப்' முறையில் அது பக்கத்து ரூட்டருக்கு, பொதுவா 10 விநாடிக்கு ஒரு 'ஹலோ' சொல்லும். 40 விநாடி பதிலே இல்லைன்னா, 'ஆள் அவுட்'னு வேற பாதை தேடும்.

சூப்பர்தான். ஆனா கயிறு, ஆள் உயிரோட இருக்கார்னு மட்டும்தான் சொல்லும். சிப்பி இருக்கிற பாரில்தான் குளிக்கிறாரான்னு சொல்லாதே!

2008 பிப்ரவரி 24. பாகிஸ்தான் அரசு தன் நாட்டில் யூடியூபைத் தடுக்கச் சொன்னது. அதுக்காக பாகிஸ்தான் டெலிகாம் போட்ட வழி, 'பிஜிபி' மூலமா எல்லை தாண்டிப் பரவிடுச்சு. ரெண்டு வழி இருந்தா, முகவரியைக் குறிப்பா சொல்ற வழியைத்தான் ரூட்டர் எடுக்கும். விளைவு? சுமார் 2 மணி நேரம் பல நாடுகளில் யூடியூப் காலி. ரூட்டர்கள் என்னவோ ஆரோக்கியமாத்தான் இருந்தன!

அதனால இப்போ கண்காணிப்பு சாஃப்ட்வேர் இன்னொரு வேலையும் பார்க்குது. நெட்வொர்க் எப்படி இருக்கணும், எப்படி இருக்குன்னு ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிஞ்சா அலாரம் அடிக்கும். அதுவும் சறுக்கலாம். 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் முடங்கியது. தப்பான கமாண்டைத் தடுக்க வேண்டிய சாஃப்ட்வேரிலேயே பிழை!

வ.உ.சி. துறைமுகம் வழியா ஏற்றுமதி பண்ண, கஸ்டம்ஸ் வேலை ஆன்லைன்லதான் நடக்குது. வழி தப்பினால் சரக்கு கேட்டுக்கு வெளியே காத்துக் கிடக்கணும்.

"எல்லாத்தையும் மெஷினே கவனிச்சா நமக்கு எதுக்குடா வேலை?"ன்னு ஹாஸ்டலில் புலம்பாத ஆளே இல்லை. 'எப்படி இருக்கணும்' என்ற பட்டியலை யார் எழுதறது பாஸ்? எந்த லைன் அறுந்தா எது தாங்கணும், யார் சொல்ற வழியை எதுவரைக்கும் நம்பலாம்... இதெல்லாம் அந்த ஊரையும் அந்தத் தொழிலையும் தெரிஞ்சவங்கதான் சொல்ல முடியும்.

அடுத்த தடவை லேப்ல ரூட்டர் முன்னாடி உட்காரும்போது, கமாண்ட் அடிக்கிறதுக்கு முன்னால ஒரு தாளில் அதை எழுதிப் பாருங்க. கஷ்டம் அங்கேதான் இருக்கு. வேலையும் அங்கேதான்!