அசல் மின்சாரம், நகல் மின்சாரம்

பீகாரின் தர்னை முதல் குஜராத்தின் துண்டி வரை: ஊர் கூடிப் பகிர்ந்துகொண்ட சூரிய வெளிச்சம் சில இடங்களில் ஏன் அணைந்தது, சில இடங்களில் ஏன் நிலைத்தது?

பீகாரின் பராபர் மலைக் குகைகளுக்குள் நுழைகிறவர்கள் கையில் டார்ச் இல்லாமல் போவதில்லை. உள்ளே அப்படி ஓர் இருட்டு. கருங்கல்லைக் குடைந்து உருவாக்கிய அறைகள். சுவர்களோ கண்ணாடிபோல மெருகேற்றப்பட்டவை. டார்ச் வெளிச்சம் பட்டதும் பாறையே பளபளக்கிறது. இன்று இந்தியாவில் எஞ்சியிருக்கும் குடைவரைகளில் மிகப் பழையவை இவைதான். 2,200 ஆண்டுகளுக்கு முன்பு பேரரசர் அசோகர் இவற்றை ஆசீவகத் துறவிகளுக்குத் தானமாகக் கொடுத்தார். மணிமேகலை வாதம் கேட்கப்போன சமயக் கணக்கர்களில் ஆசீவகர் ஒருவரும் உண்டு என்பதால் தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர் 1924ல் வெளியிட்ட நாவலில் 'மராபர்' என்று பெயர் மாற்றி உலகப் புகழ் தேடித் தந்ததும் இந்தக் குகைகளுக்குத்தான்.

இத்தனை புகழுள்ள மலைக்கு அருகே, பாட்னாவிலிருந்து கயாவுக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது தர்னை. ஜெகனாபாத் மாவட்டத்து விவசாய கிராமம். சுமார் 2,400 பேர் வசிக்கிறார்கள். மாநிலத் தலைநகருக்கும், உலகெங்கிலுமிருந்து பவுத்தர்கள் வந்து இறங்கும் கயாவுக்கும் நடுவில் இருந்தும் இந்த ஊர் 30 ஆண்டுகளுக்கு மேல் மின்சாரமின்றிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விளக்கு, வசதியுள்ளவர்களுக்கு டீசல் ஜெனரேட்டர் - அவ்வளவுதான்.

2014 ஜூலை 20 அன்று நிலைமை மாறியது. கிரீன்பீஸ் அமைப்பு, பேசிக்ஸ், சீட் என்ற வேறு இரண்டு அமைப்புகளுடன் சேர்ந்து அங்கே 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் ஒன்றை அமைத்தது. கூரைகளில் பலகைகள், பேட்டரி அறைகள், ஊருக்குள்ளேயே சுற்றி வரும் தனிக் கம்பிகள். 70 கிலோவாட் வீடுகளுக்கும் கடைகளுக்கும். 30 கிலோவாட் பத்து நீர் இறைக்கும் பம்புகளுக்கு. சுமார் 450 வீடுகள், 50 கடைகள், பள்ளிகள், சுகாதார நிலையம், 60 தெருவிளக்குகள். முழுக்கச் சூரிய ஒளியில் இயங்கும் கிராமம் என்று தர்னையின் பெயர் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. பிள்ளைகள் இரவில் படித்தார்கள். பெண்கள் இருட்டிய பிறகும் பயமின்றித் தெருவில் நடந்தார்கள். கடைகள் கூடுதல் நேரம் திறந்திருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாநிலத்தின் பெரிய அரசியல் தலைவர் ஒருவர் புதிய வெளிச்சத்தைப் பார்வையிட வந்தபோது, ஊர் மக்களில் ஒரு பகுதியினர் வரிசையாக நின்று கோஷம் போட்டார்கள். எங்களுக்கு 'நக்லி பிஜ்லி' வேண்டாம், 'அஸ்லி பிஜ்லி' வேண்டும். நகல் மின்சாரம் போதும், அசல் மின்சாரம் கொடுங்கள்!

கோஷத்துக்கு உடனே பலன் கிடைத்தது. 30 ஆண்டுகளாக வராத டிரான்ஸ்பார்மர் வெகு சீக்கிரம் வந்து சேர்ந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது நன்றி கெட்ட செயலாகத் தோன்றலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் தர்னைக்காரர்களின் பக்கம் இருக்கும் நியாயம் புரியும். நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பலகை தோராயமாக 4 யூனிட் மின்சாரம் தரும். அப்படியானால் 70 கிலோவாட்டுக்கு 280 யூனிட். கடைகளை விட்டுவிட்டாலும், பேட்டரியில் வீணாவதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், 450 வீடுகளுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். சில விளக்குகள், ஒரு மின்விசிறி, செல்போன் சார்ஜ். சாதாரண ஃபிரிட்ஜ் ஒன்றுக்கே ஒரு நாளைக்குச் சுமார் ஒரு யூனிட் வேண்டும். ஆகவே ஃபிரிட்ஜ் கூடாது, ஹீட்டர் கூடாது, மின்சாரத்தை அதிகம் இழுக்கும் எதுவும் கூடாது. ஒரு வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒன்றை மாட்டினால் ஊர் முழுவதும் இருளும்.

விலை இன்னொரு தலைவலி. சூரிய மின்சாரம் யூனிட்டுக்குக் குறைந்தது 9 ரூபாய். அரசு மின்சாரம் 3 ரூபாய். அரசின் விலையில் மானியம் இருக்கிறது. கிராமத்து நிலையமோ தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும். நகரத்தில் குளிர்சாதன வசதியுடன் இருப்பவர் குறைந்த விலை கொடுக்க, மண் வீட்டில் மூன்று பல்பு எரிப்பவர் மூன்று மடங்கு கொடுப்பது என்ன நீதி? இதைத்தான் அந்தக் கோஷம் கேட்டது. மக்கள் சூரியனை வெறுக்கவில்லை. தங்களுக்கென்று தனியாக, அளந்து கொடுக்கப்பட்ட சிறிய பங்கைத்தான் வெறுத்தார்கள்.

அரசுக் கம்பி வந்ததும் வீடுகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. வசூல் குறைந்தது. சுமார் மூன்று ஆண்டுகளில் பேட்டரிகள் செயலிழந்தன. புதிதாக வாங்கிப் போட யாரிடமும் பணமில்லை. 2021 டிசம்பரில் அங்கே சென்ற நிருபர்கள், சூரிய மின் நிலைய வளாகத்தில் மாடுகள் கட்டப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார்கள்.

தர்னையை மட்டும் பார்த்துவிட்டு, ஊர்ப் பொதுச் சூரிய மின்சாரமே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. கயாவிலிருந்து கிழக்கே, கங்கை கடலில் கலக்கும் இடத்தில் வேறொரு கதை இருக்கிறது. கொல்கத்தாவுக்குத் தெற்கே காக்துவீப் வரை சாலையில் வந்து, அங்கிருந்து படகில் முரிகங்கா ஆற்றைக் கடந்தால் சாகர் தீவு. மகர சங்கராந்தியன்று லட்சக்கணக்கானோர் நீராடும் கங்காசாகர் இதுதான். ஆற்றின் அகலமே இந்தத் தீவுக்குச் சாபமாக இருந்தது. கரையில் இருந்த மின்சாரம் தண்ணீரைத் தாண்டி வரவில்லை.

1996ல் தீவின் கமல்பூர் கிராமத்தில் மேற்கு வங்க அரசின் மரபுசாரா எரிசக்தி நிறுவனம் 26 கிலோவாட் சூரிய நிலையத்தை நிறுவியது. முன்னின்று நடத்தியவர் பொறியாளர் எஸ்.பி. கோன் சவுத்ரி. தர்னையில் பின்னால் வந்ததில் கால் பங்குதான். மாலையில் சில மணி நேரம் மட்டும் சப்ளை. மாதம் ஒரு நிலையான கட்டணம். பயனாளிகளே சேர்ந்த ஒரு கமிட்டி. அதற்கே வரவேற்பு பலமாக இருந்தது. தீவின் மற்ற கிராமங்களிலும், பக்கத்துத் தீவான மவுசுனியிலும் இதே போன்ற நிலையங்கள் எழுந்தன. இந்தப் பணிக்கு 2003ல் பிரிட்டனின் ஆஷ்டன் விருதும் கிடைத்தது.

தர்னைக்கு நகலாகத் தெரிந்தது சாகருக்கு ஏன் வரமாகத் தெரிந்தது? காரணம் ஆறு. அண்மையில் அசல் கிடைக்கும் என்ற நம்பிக்கை சாகரில் யாருக்கும் இல்லை. அக்கரையும் இக்கரையும் ஒன்றல்ல என்பதைத் தண்ணீரே சொல்லிவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் தர்னைக்கு அப்படி எந்தக் காரணமும் சொல்ல முடியவில்லை. அதனால் அங்கே குறைவான வெளிச்சம், புறக்கணிப்பின் அடையாளமாகிவிட்டது. பிற்பாடு பெரிய கோபுரங்களின் மீது கம்பிகள் முரிகங்காவைத் தாண்டியபோது சாகர் மக்களும் அந்தப் பக்கமே திரும்பினார்கள். இடையில் கழிந்த ஆண்டுகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சூரிய விளக்கில் படித்து முடித்திருந்தார்கள். அது தோல்வி ஆகாது.

நாட்டில் மின்சாரம் எட்டாத கடைசி கிராமமான மணிப்பூரின் லெய்சாங்குக்கு 2018 ஏப்ரல் 28 அன்று இணைப்பு கொடுத்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. கம்பி போய்ச் சேர்ந்த கிராமத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது என்று அர்த்தமில்லை. என்றாலும் கேள்வி மாறிவிட்டது. கம்பி வருவதற்கு முன் எரிந்த விளக்கு போதும் என்ற காலம் போய்விட்டது. கம்பி வந்த பிறகும் ஊருக்குச் சொந்தமான சூரிய மின்சாரத்துக்கு வேலை இருக்கிறதா?

இதற்குப் பதில் தேட நாட்டின் மறுகோடிக்கு, குஜராத்தின் கேடா மாவட்டத்துக்குப் போக வேண்டும். ரண்சோட்ராய் என்ற பெயரில் கிருஷ்ணர் குடிகொண்ட டாகோர் இந்த மாவட்டத்தின் யாத்திரைத் தலம். அங்கே தரிசனம் முடித்தவர்கள் சூடான கோட்டா பஜ்ஜியை ருசிக்காமல் திரும்ப மாட்டார்கள். டாகோர் இருக்கும் தாஸ்ரா தாலுகாவில்தான் துண்டி கிராமம். 1946ல் பால் உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து அமுலுக்கு வித்திட்ட மண் இது. காலையில் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் பணத்தைச் சங்கத்தில் வாங்கிக்கொள்வது இங்கே மூன்றாம் தலைமுறைப் பழக்கம்.

2015ல் துண்டியில் ஆறு விவசாயிகள் பாலுக்குப் பதில் மின்சாரத்துக்குச் சங்கம் வைத்தார்கள். 'துண்டி சவுர் ஊர்ஜா உத்பாதக் சஹகாரி மண்டலி' என்பது பெயர். பின்னால் நின்றது சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம்; யோசனைக்கு முக்கியக் காரணம் அதன் பொருளாதார அறிஞர் துஷார் ஷா. அதுவரை டீசல் எஞ்சினில் நீர் இறைத்த இவர்களுக்குச் சூரிய பம்புகள் வந்தன. வயலில் உயரமான கால்களின் மேல் பலகைகள், கீழே காய்கறி.

இவர்களுடைய கம்பி ஊருக்குள்ளேயே சுற்றி நின்றுவிடவில்லை. வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாத நாட்களில் மின்சாரம் அரசின் விநியோக நிறுவனத்துக்கு விற்பனையாகிறது. 2016ல் விற்பனை தொடங்கியது. ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு. விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. ஆரம்பத்தில் நீர் நிறுவனம் மேற்கொண்டு ஊக்கத்தொகையும் கொடுத்தது. பதிலுக்கு விவசாயிகள், மானிய மின் இணைப்புக் கேட்கும் உரிமையை அந்த 25 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொருவர் வயலிலும் மீட்டர் ஓடுகிறது. சங்கத்துக்கு மொத்தமாகப் பணம் வருகிறது. அவரவர் கணக்கில் பிரிகிறது. பால் பண்ணைக் கணக்கேதான்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சூரிய பம்பை ஒருமுறை வாங்கிவிட்டால் நீர் இறைக்கச் செலவே இல்லை. அப்படியானால் பகல் முழுவதும் இறைக்கலாம். நிலத்தடி நீர் என்ன ஆவது? துண்டியில் தேவையில்லாமல் பம்பை ஓட்டுகிறவர் விற்றிருக்கக்கூடிய மின்சாரத்தை இழக்கிறார். பம்பை நிறுத்தச் சொல்ல அதிகாரி வேண்டியதில்லை. மீட்டரே சொல்லும். 2018ல் குஜராத் அரசு தொடங்கிய 'சூர்யசக்தி கிசான்' திட்டத்திலும், 2019ல் மத்திய அரசு தொடங்கிய 'பி.எம். குசும்' திட்டத்திலும் இந்த யோசனையைப் பார்க்கலாம்.

துண்டியைப் புகழ்கிறவர்கள் சொல்லத் தயங்கும் விஷயமும் இருக்கிறது. உபகரணச் செலவில் பெரும்பகுதி ஆய்வு நிறுவனத்தின் பணம். விவசாயிகள் போட்டது சிறு பங்கு. சங்கத்தில் பிற்பாடு உறுப்பினர்கள் ஒன்பது ஆனார்கள். மொத்தத் திறன் 71.4 கிலோவாட் ஆனது. தர்னையில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒதுக்கியதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 70 கிலோவாட். அங்கே 450 வீடுகள் பகிர்ந்தன. இங்கே நிலமும் கிணறும் உள்ள ஒன்பது பேர். தர்னையில் எல்லோருக்கும் பங்கு கிடைத்தது, யாருக்கும் போதவில்லை. துண்டியில் சிலருக்குப் போதுமான அளவு கிடைத்தது. கூலி வேலைக்குப் போகும் நிலமற்றவருக்கு அந்தச் சங்கத்தில் இடம் எது?

இதே கேள்வி நகரங்களிலும் எழுகிறது. 2024ல் மத்திய அரசு அறிவித்த 'சூர்ய கர்' திட்டம் சொந்தக் கூரை உள்ளவர்களுக்குத்தான் வசதி. தில்லியிலும் மும்பையிலும் வாடகை ஃபிளாட்டில் வசிக்கும் நம்மவர்கள் எந்தக் கூரையில் பலகை வைப்பார்கள்? ஒரு வழி இருக்கிறது. எங்கோ ஓர் இடத்தில் பொதுவாக ஒரு நிலையம். அதில் விளையும் மின்சாரம் கம்பியில் கலக்கும். பங்கு வைத்திருப்பவரின் மின் கட்டணத்தில் அது கழியும். தில்லியில் 2019லேயே இதற்கு விதிமுறைகள் வந்துவிட்டன. கூரையோ நிலமோ இல்லாதவரும் இந்த முறையில் பங்குதாரர் ஆகலாம். அந்தப் பங்கை வாங்க அவருக்கு யாராவது கடன் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பராபர் குகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் தர்னையையும் நினைத்துக்கொள்ளலாம். அங்கே முதலில் செத்தது பேட்டரி. சூரிய பலகையின் ஆயுள் 25 ஆண்டுகள். ஊரின் அந்தப் பலகைகளை 3 ரூபாய் மின்சாரத்துக்குப் போட்டியாக நிறுத்தாமல், அதே அரசுக் கம்பியில் இணைத்து, வருமானத்தை 450 வீடுகளின் பில்லில் கழித்திருந்தால் பேட்டரியே தேவைப்பட்டிருக்காது. அசல் எது, நகல் எது என்று கேட்கவும் இடம் இருந்திருக்காது.