முகவரியைக் கடன் கொடுக்குமுன்



இந்த வாரம் நான் செய்த ஒரு தவற்றைக் குறித்தே உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் வாலிபச் சகோதரன் ஒருவன் கையில் ஒரு தாளோடு எனக்காகக் காத்திருந்தான். "ஐயா, எங்கள் முதலாளி புதிதாக ஒரு கம்பெனி தொடங்குகிறார். அதைப் பதிவு செய்ய எங்கள் வீட்டு முகவரியைக் கேட்கிறார். அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம். போடலாமா?" என்று கேட்டான். வீடு அவன் தாயாரின் பெயரில் இருந்தது. அவர் விதவை. கணவர் விட்டுச்சென்றது அந்த ஒரு வீடுதான்.

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவும் இல்லை. "உனக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அல்லவா, தம்பி? முகவரிதானே, கொடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளில் அந்தத் தொழில் நொடித்தது. முதலாளியின் தொலைபேசி அணைந்துவிட்டது. மகன் மூன்று மாதச் சம்பளத்தை இழந்து வேறு வேலைக்குப் போனான். ஆனால் கம்பெனி மட்டும் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. வங்கியிலிருந்தும் வரி அலுவலகத்திலிருந்தும் சரக்குக் கொடுத்தவரின் வழக்கறிஞரிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரு நாள் காலை, மகன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பாக்கி கேட்டு இருவர் வாசலில் வந்து நின்றார்கள். அன்று மாலை அந்தத் தாயார் என்னிடம், "ஐயா, நான் யாரிடம் கடன் வாங்கினேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் மூவருமாக ஒரு தணிக்கையாளரிடம் போனோம். கையெழுத்துக்கு முன்பே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவற்றை அங்கேதான் கற்றேன்.

நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பதிவு அலுவலகம் இருக்க வேண்டும். பிறருடைய வீட்டைக் காட்டுவதானால் உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும், இரண்டு மாதத்திற்கு மேற்படாத மின்கட்டண ரசீது போன்ற ஒன்றும் கேட்பார்கள். கேட்கப்படுவது இவ்வளவுதான் என்பதால் நமக்கு அது சிறிய காரியமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த முகவரிக்கு வந்து சேரும் அறிவிப்பு கம்பெனிக்கே வந்து சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். நீங்கள் பிரிக்காமல் அலமாரியில் வைத்த உறை, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நோட்டீஸாகிவிடும். கம்பெனியின் பெயர்ப்பலகை உங்கள் வாசலில் இருக்க வேண்டும். கம்பெனிப் பதிவாளர் சந்தேகித்தால் நேரில் வந்து சரிபார்க்கலாம். ஜிஎஸ்டி பதிவும் அங்கேயே இருந்தால் வரி அதிகாரிகளும் வரலாம். வீட்டில் தொழில் நடப்பதாகக் கருதப்பட்டால் மின்கட்டணமும் சொத்துவரியும் வணிக விகிதத்திற்கு மாறக்கூடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்; வீணாய்ப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. முகவரி கொடுத்ததால் மட்டும் கம்பெனியின் கடன் உங்கள் கடனாகாது. கம்பெனி சட்டத்தின் பார்வையில் தனி நபர். ஆனால் நீதிமன்ற ஜப்தி ஆணையோடு ஆட்கள் அந்த முகவரிக்கு வந்தால், வீட்டிலுள்ள பொருள்கள் கம்பெனியுடையவை அல்ல, உங்களுடையவை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில் விழும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாய்க் கலங்கச் செய்தது வேறொன்று. ஒரே கையெழுத்தால் கொடுத்த முகவரியை, உங்கள் கையெழுத்தால் திரும்பப் பெற முடியாது. ஒரே ஊருக்குள் மாற்றுவதானாலும் கம்பெனியின் இயக்குநர்களே கூடித் தீர்மானித்துப் பதிவாளருக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அவர்கள் மறைந்துவிட்டால், மறைந்தவர்களுக்காக நீங்கள் காத்திருப்பீர்கள்.

முகவரியோடு சேர்த்து, "பெயருக்கு ஒரு டைரக்டராகவும் இரு" என்று கேட்பவர்களும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கம்பெனி தன் கணக்குகளையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாவிட்டால், அதன் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். 2017-இல் மத்திய அரசு 2 லட்சத்திற்கும் அதிகமான கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 3 லட்சம் அளவிலான இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள்.

பிரியமானவர்களே, நாளை உங்கள் முதலாளி இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. கோபமில்லாமல், "ஐயா, என் உழைப்பை முழுமையாய்த் தருகிறேன். வீடு குடும்பத்தாருடையது, அதைத் தர இயலாது" என்று சொல்லுங்கள். நேர்மையாய்த் தொழில் செய்கிறவர் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்வார். நீங்களே வாடகை வீட்டில் இருந்தால், உரிமையாளரைக் கேளாமல் அதைக் கொடுக்க உங்களுக்கு உரிமையே இல்லை. கொடுத்தே தீர வேண்டுமென்றால், எத்தனை மாதத்திற்கு, நீங்கள் வேலையை விட்டால் எத்தனை நாளில் முகவரியை மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். பத்திரத்தின் அசலைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனிக்கும் பதிவாளருக்கும் விரைவுத் தபாலில் எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருகிற கடிதங்களைத் தேதி குறித்து உடனே கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நாங்களும் அப்படியே செய்தோம். கடிதங்கள் மெல்லக் குறைந்தன. ஆனாலும் வாசல் மணி அடித்தால் அந்தத் தாயார் இன்றும் ஒரு கணம் தயங்கியே கதவைத் திறக்கிறார்.

பிறருக்காகப் பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் எச்சரிப்பதை இறையியல் கல்லூரியில் படித்தேன், பிரசங்கமும் செய்திருக்கிறேன். அகப்பட்டவன் தாமதியாமல் தன்னை விடுவித்துக்கொள்ள வேண்டும் என்பதே அங்குள்ள ஆலோசனை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னே தாளாக நீட்டப்பட்டபோது நான் அறிந்துகொள்ளவில்லை. அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் மன்னித்தார்.

இனி உங்களில் யாராவது ஒரு தாளோடு என்னிடம் வந்தால், முதலில் அதை வாங்கி வாசிப்பேன். எனக்கு விளங்காவிட்டால், விளங்கியவரிடம் உங்களோடு நடந்து வருவேன்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக.

அன்புடன்,
உங்கள் போதகர்