மூன்று கிராமுக்கு வளையும் கோல்

உலோகத் தகடு, இறகு, ரப்பர் ஆகியவற்றால் மீன்குஞ்சு போலவோ பூச்சி போலவோ செய்யப்பட்டு, தூண்டில்காரர்களால் ‘லூர்’ என்று அழைக்கப்படும் போலி இரைகளில் எடை குறைந்தவற்றை எறிவதற்கான கோலைத் தெரிவு செய்வது கடையில் நடக்கும் காரியமாகத் தோன்றினாலும், அத்தெரிவின் பெரும்பகுதி கோல் செய்யும் பட்டறையிலேயே முடிந்துவிடுகிறது. எறிபவரின் கைவிசை நேராக இரைக்குச் செல்வதில்லை. கோலைப் பின்னுக்கு ஓங்கி முன்னுக்கு வீசும்போது இரையின் எடை கோலை வளைக்க, அந்த வளைவு நிமிரும் வேகத்தில்தான் இரை பறக்கிறது. ஆகவே 20 கிராம் இரைக்கு நன்றாக வளையும் கோல் 3 கிராம் இரையைப் பொருட்படுத்துவதே இல்லை. தோளைச் சுழற்றி எவ்வளவு பலமாக வீசினாலும் இரை படகுக்குப் பக்கத்திலேயே விழுகிறது.

இவ்வளவு இலேசான இரையை எறிய முடிந்ததற்கே ஒரு நூற்பாலைக்காரர்தான் காரணம். கோலில் பொருத்தும் பழைய ரீல்களில் தூண்டில் நரம்பு வெளியேற வேண்டுமானால் அது சுற்றப்பட்ட உருளையே சுழல வேண்டும். சில கிராம் எடைக்கு அந்த உருளையை இழுத்துச் சுழற்றும் வலு இல்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து ஆலை முதலாளியான ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், பாபின் அசையாதிருக்க நூல் மட்டும் அதன் முனை வழியே உருவி வருவதை ஆலையில் நாள்தோறும் கண்டவர். அதே முறையில் உருளை நிலையாக நிற்கும் ரீலை அமைத்து 1905இல் காப்புரிமை பெற்றார். ரீல் மாறியதும் கோலும் மாற வேண்டியதாயிற்று. பிளந்து ஒட்டிய மூங்கிலுக்குப் பின் 1940களில் கண்ணாடியிழையும், 1970களின் தொடக்கத்தில் கார்பன் இழையும் வந்தன.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், லூயிஸ் ஆறு கொலம்பியா ஆற்றோடு சேருமிடத்துக்கு அருகிலுள்ள வுட்லண்ட் என்னும் சிற்றூர் கார்பன் கோல்களால் பெயர் பெற்றது. அங்கு லாமிகிளாஸ் நிறுவனத்தில் பணியாற்றி, பின்னர் 1982இல் தம் பெயரிலேயே தனி நிறுவனம் தொடங்கிய கேரி லூமிஸ் அடிப்படையில் ஒரு கடைசல் தொழிலாளி. கோல் தொழிலில் ஒரு கடைசல்காரர் முன்னுக்கு வந்ததில் வியப்பில்லை. கோலின் குணம் முதலில் உருவாவது எஃகு அச்சுக்கம்பியில்தான். அடியில் பருத்து நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் அக்கம்பியின் மீது, பிசின் ஊட்டிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த கார்பன் துணியை நீள்முக்கோணமாக வெட்டி உருட்டுகிறார்கள். அதன்மேல் நாடாவை இறுக்கிச் சுற்றி அடுப்பில் வேகவைத்தபின் கம்பியை உருவிவிட்டால் எஞ்சுவது உள்ளீடற்ற குழல். துணியை வெட்டுபவரின் கத்தி நுனிப்பக்கத்தில் சற்றே விலகி அரைச் சுற்றுத் துணி கூடிப்போனாலும், இலேசான இரைக்கென எண்ணிய குழல் வேறொரு குணத்தோடு வெளிவருகிறது.

அடுத்த வேலை ‘முதுகு’ காண்பது. துணியின் மடிப்பு ஒரு பக்கம் தடித்திருப்பதால் எந்தக் குழலும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைவதில்லை. கைவினைஞர் குழலின் அடியை மேசைமீது ஊன்றி, நுனியை ஒரு கையால் தாங்கி, மறுகையால் நடுவை அழுத்தி உருட்டும்போது, ஓரிடத்தில் குழல் தானாகவே துள்ளித் திரும்பி நிலைகொள்கிறது. அந்தப் பக்கத்தைச் சுண்ணக்கோலால் குறித்துக்கொண்ட பிறகே நரம்பு ஓடும் வளையங்களைக் கட்டத் தொடங்குகின்றனர்.

கோலின் தரத்தை நிர்ணயிப்பதில் இந்தக் கட்டுவேலைக்கு உரிய இடம் விளம்பரங்களில் அதற்குக் கிடைப்பதில்லை. வளையத்தின் கால்நுனியை அரத்தால் சரிவாகத் தேய்த்தால்தான் நூல் குழலிலிருந்து காலின்மேல் இடைவெளியின்றி ஏறும். இடக்கை கோலைச் சுழற்ற, நூல் வலக்கை விரல்களுக்கிடையே இறுக்கமாக வந்து சுற்றுக்கு அருகே சுற்றாகப் படிகிறது. கடைசிச் சில சுற்றுகளுக்கு அடியில் ஒரு நூல் கண்ணியை வைத்து, வெட்டிய முனையை அதன் வழியே உள்ளிழுத்து மறைத்துவிடுகிறார்கள். பின்னர் இருபொருள் கலந்த எப்பாக்சிப் பசையைத் தூரிகையால் பூசி, சாராய விளக்கின் சுடரை மெல்லக் காட்டிக் குமிழிகளைப் போக்கி, பசை ஒருபுறமாகத் தொங்கி உறையாதபடி சிறு மோட்டாரில் மணிக்கணக்காகக் கோலைச் சுழலவிடுகின்றனர். கனமான கோலில் இந்தப் பசை எவ்வளவு தடித்தாலும் கேடில்லை. இலேசான கோலிலோ நுனியில் தங்கும் ஒவ்வொரு துளியும் சுமையாகி, நிமிர வேண்டிய நுனியை மந்தமாக்கி, எறிந்த பின்னும் அதை ஆடவைக்கிறது. நுனிப்பகுதியில் ஒற்றைக்கால் கொண்ட சிறு வளையங்களைக் குறைந்த நூலால் கட்டுவது இதனால்தான். கோல் வாங்குபவர் கைப்பிடித் தக்கையின் மழமழப்பைத் தடவிப் பார்ப்பதைவிட, நுனியிலுள்ள மூன்று கட்டுகளை வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பது பயன் தரும்.

கடையில் கோலை வெறுமனே உதறிப் பார்க்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு; ஆனால் எடை எதுவும் தொங்காத கோல் காட்டும் ஆட்டத்திலிருந்து அது இரையை எப்படி எறியும் என்பதை அறிய முடியாது. அதன்மீது அச்சிட்ட ‘அல்ட்ரா லைட்’ போன்ற சொற்களுக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. இக்குறையைக் கண்ட வில்லியம் ஹேன்மன் என்ற அமெரிக்கர், கோலைக் கிடையாகப் பொருத்தி, நுனியில் தொங்கும் பையில் ஒரு சென்ட் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி தாழ எத்தனை நாணயம் வேண்டும் என்று எண்ணும் முறையை வகுத்தார். ஒரு நாணயத்தின் எடை 2.5 கிராம் என்பதால் தராசுகூட வேண்டியதில்லை. தனிப்பட்டறைக்காரர்களில் சிலர் இவ்வாறு எண்ணி முடித்த பிறகே, கைப்பிடிக்குச் சற்று மேலே கோலின் நீளத்தையும் அது ஏற்கும் இரையின் எடையையும் வெள்ளை மையால் எழுதி, அவ்வெழுத்தின்மேல் கடைசிப் பூச்சுப் பசையைத் தடவுகின்றனர்.