அச்சு முறிந்த ஊரில் ஒரு பாடம்

எங்கள் ஊர் அச்சரப்பாக்கம். ஜி.எஸ்.டி. சாலையில் மதுராந்தகத்தைத் தாண்டித் திண்டிவனம் போகிற வழியில் இருக்கிறது. திரிபுரத்தை எரிக்கத் தேரேறிக் கிளம்பிய சிவபெருமான், பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டாராம். பிள்ளையார் சும்மா இருப்பாரா? இந்த இடத்துக்கு வந்ததும் தேரின் அச்சை முறித்துவிட்டார். அச்சு இற்ற இடம் என்பதால் அச்சிறுபாக்கம். அதுவே பேச்சில் அச்சரப்பாக்கம் ஆகிவிட்டது. திருஞானசம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் என் மாமியார் இந்தக் கதையைச் சொல்லி, "சாமி தேரா இருந்தாலும் அச்சு சரியா இருந்தாத்தாம்மா ஓடும்" என்பார். அப்போது சிரித்துக்கொண்டே கேட்டேன். போன வருஷம்தான் அதன் அர்த்தம் புரிந்தது.

என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் ஒரு பழைய கார் இருக்கிறது. என்னவர் இரண்டாவது கையாக வாங்கியது. காலேஜ் முடித்த பையனுக்கு அந்தக் காரை அழகு பண்ணிப் பார்ப்பதிலேயே ஆசை. ஒரு நாள் அடுப்படியில் வந்து நின்றான்.

"அம்மா, ஒரு நாலாயிரம் ரூபா இருந்தா குடேன்."

"எதுக்குடா?"

"வீல் ஸ்பேசர் போடப் போறேன். சக்கரம் நாலும் கொஞ்சம் வெளியே தள்ளி நிக்கும். வண்டி பார்க்கக் கம்பீரமா இருக்கும்மா."

ஸ்பேசர் என்றால் எனக்கு என்ன தெரியும்? அலுமினியத்தில் தட்டை வளையம் மாதிரி ஒன்றைக் காட்டினான். அச்சோடு சுழலுகிற பாகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்து இறுக்குவார்களாம். என்னவர் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன் யோசிக்காமலா சக்கரத்தை அங்கே வெச்சிருக்கான்? வேண்டாம்டா" என்றார். பையனின் முகம் வாடிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சீட்டுப் பணத்திலிருந்து நாலாயிரத்தை எடுத்து, அவருக்குத் தெரியாமல் அவன் கையில் வைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து டவுனில் ஒரு கடையில் மாட்டிக்கொண்டு வந்தான். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சிநேகிதர்களோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவான், வருவான். வண்டியும் பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது.

அப்போது என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்திக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும், நல்ல நாள் பார்த்துத் திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் அவள் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். தட்டில் பழம், பூ, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு எல்லாம் எடுத்துக்கொண்டோம். மகன் ஓட்டினான். என்னவருக்கு அன்று வேலை இருந்ததால் வரவில்லை. பின் ஸீட்டில் நானும் மகளும், மடியில் குழந்தை.

ஊரைத் தாண்டியதுமே என் காலடியில் ஒரு நடுக்கம். ரோடு சரியில்லை என்று நினைத்தேன். மதுராந்தகம் ஏரியை நெருங்கும்போது 'டக்... டக்... டக்' என்று ஒரு சத்தம். வண்டி வேகமாகப் போனால் சத்தமும் வேகமாக வருகிறது. மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகிறது. "டேய், நிறுத்துடா" என்றேன். "மதுராந்தகம் போய்ப் பார்த்துக்கலாம்மா, இதோ வந்துடுச்சு" என்றான். மகள்தான், "தம்பி, குழந்தை இருக்குடா. இப்பவே நிறுத்து" என்று அதட்டினாள். சடாரென்று பிரேக் போடாமல், காலை மெல்ல எடுத்து இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினான். அது மட்டும் ஆண்டவன் கொடுத்த புத்தி.

இறங்கிப் பார்த்தால், இடது பின் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. நாலு போல்ட்டில் இரண்டு ஒடிந்து போயிருந்தன. மீதி இரண்டில் நட்டு விரலாலேயே சுழன்றது. அடுத்த மைலுக்குள் சக்கரம் கழன்று ஓடியிருக்கும். எங்கள் பின்னாலேயே லாரிகளும் பஸ்களும் சீறிக்கொண்டு போகின்றன. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் ரோட்டை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. அந்த நாலாயிரம் ரூபாய்தான் கண் முன்னால் நின்றது.

மதுராந்தகத்திலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் சக்கரத்தைக் கழற்றி, அந்த அலுமினிய வளையத்தை என் கையில் கொடுத்தார். போல்ட் துவாரத்திலிருந்து தலைமுடி போல ஒரு விரிசல். இரும்பு தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அவர் திட்டவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு என்னவர் விசாரித்துச் சொன்னதையும் உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் ஒரு நாள் உதவும்.

முதலாவது, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது போல்ட் மட்டுமல்ல. நட்டை இறுக்கும்போது இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. அந்த அழுத்தமான பிடிதான் பாரத்தைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் பாரம் முழுவதும் போல்ட்டின் மேல் விழுகிறது. முன்னும் பின்னும் வளைந்து வளைந்து, கடைசியில் ஒடிந்துவிடும். குக்கர் கைப்பிடி திருகாணி லேசாகத் தளர்ந்தால் நாளாக நாளாக ஆட்டம் அதிகமாவதை நாம் பார்ப்பதில்லையா? அதே கதைதான்.

இரண்டாவது, புரி. எங்கள் கார் போல்ட்டின் தடிமன் 12 மில்லிமீட்டர். குறைந்தது அந்தத் தடிமன் அளவுக்காவது நட்டு புரியில் ஏறியிருக்க வேண்டுமாம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் எட்டுச் சுற்று. மகன் வைத்த வளையம் 10 மில்லிமீட்டர் கனம். அதுவே ஆறேழு சுற்றை விழுங்கிவிட்டது. நீளமான போல்ட் மாற்றாமல் பழைய போல்ட்டிலேயே மாட்டியிருக்கிறார்கள். நட்டு நாலு சுற்றுகூடப் பிடிக்கவில்லை. ஜாக்கெட்டில் கொக்கியை நுனியில் மாட்டிக்கொண்டு தைரியமாக வெளியே கிளம்பியது போல!

மூன்றாவது, அலுமினியத்தின் குணம். எடையில் அது இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு; அதற்குக் கீழே எத்தனை தடவை பாரம் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. சின்னச் சின்ன அதிர்ச்சியும் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் விரிசலாகிவிடும். அதோடு உப்பு வேறு. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கடற்காற்றில் உப்பு ஈரம் பட்டு, இரும்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் அலுமினியம் அரிக்கும். மாமல்லபுரம் ஓரம் ஓடிய வண்டியில் அந்த வெள்ளைப் பொடி வந்த காரணம் இதுதான்.

நான்காவது, சக்கரம் வெளியே தள்ளினால் பேரிங்குக்கும் பாரம் கூடும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் நடக்கலாம்; கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள், தெரியும்.

எல்லா ஸ்பேசரும் மோசம் என்று சொல்லவில்லை. சில வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் தாங்களே சில மாடல்களுக்குக் கொடுப்பதுண்டு. நடுத்துவாரம் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். நீளமான போல்ட் வேண்டும். பரப்பில் துருவோ பெயின்ட்டோ இருக்கக் கூடாது. அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்க வேண்டும். பல சின்னக் கார்களுக்கு அந்த இறுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கூட வந்த புத்தகத்தில் இருக்கும். தனியாக போல்ட் வைத்து வரும் இன்னொரு வகையில் உள் நட்டு சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்; தளர்ந்தாலும் வெளியே தெரியாது. இத்தனையும் பார்த்துச் செய்கிறவர் எத்தனை பேர்?

சட்டமும் இருக்கிறது, சகோதரிகளே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். ஆகவே ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரிக்காமல் எதையும் மாட்ட விடாதீர்கள்.

ஸ்பேசரே இல்லாத வண்டியிலும் சக்கரம் கழற்றி மாட்டியபின் நட்டு தளரலாம். பஞ்சர் ஒட்டி வந்தாலும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். ஸ்டியரிங்கிலோ ஸீட்டிலோ புதிதாக நடுக்கம், சக்கரத்தோடு சுழலும் சத்தம், நட்டைச் சுற்றித் துருக்கோடு, இவற்றில் ஒன்று கண்டாலும், 'அடுத்த ஊர் போய்ப் பார்க்கலாம்' என்ற பேச்சே வேண்டாம். மெதுவாக ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போட்டு, முதலில் குழந்தைகளை ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

அன்று நாங்கள் வேறு வண்டி பிடித்துத்தான் திருக்கழுக்குன்றம் போனோம். சாயங்காலம் வீடு திரும்பியதும், பணம் கொடுத்தது நான்தான் என்று என்னவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பா மாட்டு வண்டி பூட்டறதுக்கு முன்னாடி தினமும் கடையாணியைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஏறுவாரு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாலு சக்கரத்திலும் ஸ்பேசரைக் கழற்றி, எல்லா போல்ட்டையும் புதிதாக மாற்றியாயிற்று. விரிசல் விட்ட வளையத்தை மகன் தூக்கி எறியப் பார்த்தான். நான் விடவில்லை. கார் சாவி மாட்டுகிற ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறேன். சாவியை எடுக்கிற கை அதைத் தொடாமல் எடுக்க முடியாது. இப்போதெல்லாம் வெளியூர் கிளம்பும் முன் அவனே குனிந்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்க்கிறான்.

பிள்ளைகள் முகம் வாடக் கூடாது என்று நாம் எத்தனையோ விட்டுக் கொடுக்கிறோம். தீபாவளித் துணியில் விட்டுக் கொடுங்கள். தின்பண்டத்தில் விட்டுக் கொடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் அவன் முகம் ஒரு நாள் வாடட்டுமே, என்ன போயிற்று?