ஆமையும் ஊடுகதிரும்

தமிழ் பயிலும் எமக்கு ஆமை புதியதோர் உயிரன்று. ஐம்பொறிகளை அடக்கி ஆளுவார்க்கு அதனை உவமையாக்கி, அடக்கமுடைமை என்னும் அதிகாரத்துள் வள்ளுவர் வைத்துள்ளார். நான்கு காலும் தலையுமாகிய ஐந்தனையும் ஓட்டினுள் ஒடுக்குவது ஆமை என்று உரைகளிற் கற்றோம். ஆயினும் அக்கால்கள் உள்ளே எங்ஙனம் புகுகின்றன, அவற்றின் என்புகள் எங்கே தங்குகின்றன என்னும் ஐயம் எம்மை விட்டு அகன்றதில்லை. விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவர் காட்டிய எக்ஸ் கதிர்ப் படம் அதற்கு விடை பகர்ந்தது.

மாந்தர்க்கும் மாட்டிற்கும் தோளென்பு விலாவென்புகளின் வெளிப்புறத்தே அமைந்துள்ளது. ஆமைக்கோ விலாவென்புகள் அகன்று முதுகோட்டோடு ஒன்றிவிட்டமையின், தோளென்பு அவற்றின் உட்புறத்தே நிற்கின்றது. படத்தில் அது முக்கவருள்ள கோல்போலத் தோன்றிற்று. ஆமையின் கால் தன் வீட்டினுள்ளேயே தொடங்குகின்றது எனக் கண்டு வியந்தோம்.

முன்னாளில் இவ்வமைப்பைக் காண விழைந்தோர் இறந்த ஆமையின் ஓட்டை அறுத்தே கண்டனர். 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டு, தம் மனைவியாரின் கையென்பைப் படமாக்கினார். அன்று முதல் அறாமற் காணும் வழி பிறந்தது. எனினும் ஆமையின் ஓடும் என்பே ஆதலின், ஓட்டின் நிழல் தோளென்பின் நிழலோடு கலந்து மயக்கும். அதுபற்றியே மேலும் பக்கமும் முன்னுமாக மூன்று படங்கள் எடுப்பர். 1971-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், ஹவுன்ஸ்பீல்டு அமைத்த சி.டி. கருவி நோயாளர் ஒருவரின் தலையை முதன்முதற் படம் பிடித்தது. உடலை மெல்லிய அடுக்குகளாக அது காட்டுதலின் நிழல்மேல் நிழல் விழுவதில்லை. என்பின் செறிவையும் அஃது எண்ணால் உரைக்கும்; அவர் பெயரால் வழங்கும் அளவையில் நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. என்பு செறியச் செறிய எண் உயரும்.

இவ்வளவையால் ஆமைக்கு விளையும் பயன் யாதோ எனின், கூறுவாம். யாம் கண்ட படம், வீடொன்றில் அடைத்து வளர்க்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட நட்சத்திர ஆமையினது. வெயிலும் சுண்ணச்சத்தும் பெறாத ஆமையின் என்பு மெலியும், வளையும், எளிதின் முறியும். அவ்வாமையின் காலென்புகள் ஓட்டின் நிழலினின்றும் பிரித்தறிய இயலாவாறு வெளிறிக் கிடந்தன. தன் நோயைக் குரலெடுத்துக் கூறும் ஆற்றல் ஆமைக்கு இல்லை. அதன் பொருட்டு அப்படமே பேசிற்று.

நட்சத்திர ஆமை நம் நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது. ஓட்டின் அழகே அதற்குப் பகையாயிற்று. காட்டிற் பிடித்த இவ்வாமைகளைப் பன்னாட்டு வாணிகம் செய்தலை 2019-இல் உலக நாடுகளின் உடன்படிக்கை தடுத்தது. இருந்தும் களவாகப் பிடித்து விற்போர் உளர்.

ஆமை தன் உறுப்புகளை அடக்குதல் தன்னைக் காத்தற்பொருட்டே. அதனைப் பிறர் பெட்டியுள் அடக்குதலோ அதன் என்பை உருக்குகின்றது. அடக்கத்தை ஆமையினிடம் கற்க விரும்பும் நாம், அழகிய பொருளைக் கண்டவுடன் கவர நினைக்கும் நம் கையை முதற்கண் அடக்குவோமாக. நண்பர்காள், இலக்கியம் பயில்வார் ஒருமுறை விலங்கியற் கூடத்தினுள்ளும் புகுந்து வருவாராயின், பழைய உவமைகள் பல உயிரோடு எழுந்து நிற்றலைக் காண்பர்.