ஒரே பெயரில் இரு கோப்புகள்

கருவியின் மொழி கருவிக்கே விளங்காமற் போவதுண்டு. ஆயினும் பழி வந்து விழுவதென்னவோ மனிதன் தலைமீதுதான்.

நம் பதிப்பக அலுவலகத்தில் மூவகைக் கணினிகள் உள்ளன. மெய்ப்புப் பார்க்கும் மேசையில் விண்டோஸ். பக்கம் அமைக்கும் மேசையில் பழைய மேக். கோப்புகளையெல்லாம் காத்து நிற்பது லினக்ஸ். இயல்பால் வேறுபட்ட இம்மூன்றையும் இணைப்பது ‘ஸாம்பா’ எனும் மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992இல் அதன் முதல் வடிவை வெளியிட்டார். கணினிகள் கம்பி வழியே வினவுவதையும் விடையளிப்பதையும் உற்றுக் கேட்டே அவர் அம்மொழியைக் கற்றார். பிரெஞ்சு அறியாதவர் அந்நாட்டு உணவகத்தில் அமர்ந்து, எச்சொல்லுக்கு எப்பண்டம் வருகிறதெனக் கவனித்துக் கற்பதை அதற்கு அவரே உவமையாகக் கூறினார்.

அத்தகைய பொறுமை நமக்கு வாய்க்கவில்லை.

வலையமைப்பு பழுதுற்ற ஒரு நாள், பக்கம் அமைக்கும் தம்பி, தாம் திருத்திய கோப்புகளை மேக்கிலேயே ஒரே பொதியாகச் சுருக்கிக் கொணர்ந்து லினக்ஸில் பிரித்து வைத்தார். மறுநாள் நூல் அச்சகம் செல்லவேண்டும். நாம் ‘முதல் தொகுதி’ என்னும் கோப்பைத் திறந்தோம். ஒரு பிழையும் திருத்தப்படவில்லை. “நேற்றே திருத்திவிட்டேன், ஐயா” என்றார் அவர். நாம் நம்பவில்லை, பலர் முன்னிலையில் கடிந்துரைத்தோம். அவர் மறுமொழி கூறாது தலைகுனிந்தார்.

மாலையில்தான் பட்டியலை நிதானமாகப் பார்த்தோம். அங்கே ‘முதல் தொகுதி’ இரண்டு இருந்தன!

விளக்கம் எளிதே. ‘தொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை விண்டோஸ் ஒரே குறியெண்ணாகப் பதிகிறது. பழைய மேக்கோ கோப்புப் பெயரில் அதனைக் கொம்பென்றும் காலென்றும் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; எண்களை மட்டுமே ஒப்பிடும் லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஆகவே புதியது பழையதை நீக்காமல் அதனருகே அமர்ந்துகொண்டது. நாம் திறந்தது பழையது.

பெயர்களையெல்லாம் ஒரே முறைக்கு மாற்றும் நிரல் ஒன்றை அன்றே அமைத்தோம். அது சில நிமிட வேலை. கடிந்த அதே இடத்தில், அதே பலர் முன்னிலையில், அத்தம்பியிடம் மன்னிப்புக் கேட்பதே கடினமாக இருந்தது. கேட்டோம். “பரவாயில்லை, ஐயா” என்று அவர் மீண்டும் தம் வேலையில் ஆழ்ந்தார்.

அன்னியக் கணினிகளின் பேச்சை ஒருவர் காத்திருந்து கேட்டார். நம்மெதிரே நின்றவர் நம் தமிழில் சொன்ன ஒரு வாக்கியத்தை நாம் கேட்கவில்லை.